தவமும் பதவியும்

2008 ஆம் ஆண்டு மார்ச் 8 ஆம் நாள் நடந்த மலேசியப் பொதுத் தேர்தலில், கிள்ளான் நகரைச் சேர்ந்த கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர்கள், ஒரு மேடையிலும் ஏறிப் பேசாத, ஒரு வீட்டு வாசலிலும் நின்று வாக்குக் கேட்காத ஒருவரைத் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். வழக்கறிஞர் எம். மனோகரன் என்னும் அவர், அந்நேரத்தில் பேராக் மாநிலத்தின் கமுந்திங் தடுப்பு முகாமில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படாமல் அடைபட்டிருந்தார். அவருக்காக அவருடைய மனைவி வீதி வீதியாகச் சென்றார். ஜனநாயக செயல் கட்சியின் சின்னம் சுவர்களில் நின்றது. வேட்பாளர் மட்டும் இல்லை. முடிவு வெளியான இரவில் கிள்ளானில் வெற்றி கொண்டாடப்பட்டபோது, வென்றவர் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவில், முள்வேலிக்குள் இருந்தார்.

இதை அரசியல் கண்கொண்டு பார்ப்பவர், மக்களின் கோபம் ஒரு பெயரைப் பற்றிக்கொண்டது என்று சொல்லி மேலே செல்லலாம். சமயக் கண்கொண்டு பார்ப்பவருக்கோ அவ்வளவு சுலபமாக நகர முடிவதில்லை. துன்புற்றவனுக்கு அதிகாரம் தருவது தர்மமா? துன்பம் ஒரு தவம் என்றால், பதவி அத்தவத்தின் நியாயமான பலனா? அப்படிப் பெற்ற பதவியில் அமர்ந்தவன் யாருக்குக் கடமைப்பட்டவன்: தனக்காக அழுதவர்களுக்கா, அழாதவர்களுக்குமா? நம் புராணங்களையும் சாத்திரங்களையும் துணைக்கு அழைத்துக்கொண்டு இக்கேள்விகளைச் சற்று நிதானமாக ஆராய்வதே என் விருப்பம். தனிமனிதர்களின் உள்ளத்தை எடைபோடுவது என் நோக்கமன்று.

சம்பவங்களின் வரிசையை முதலில் நினைவுகூர்வோம். கிள்ளான் அமைந்த சிலாங்கூர் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு மாரியம்மனாகவோ முனீஸ்வரராகவோ வழிபடத் தொடங்கிய காலத்தில், அந்த நிலம் யாருடையது என்று அவர்கள் கேட்டதில்லை. தோட்டத்துத் துரையும் கேட்டதில்லை. கல் கொட்டகையாயிற்று, கொட்டகை கோபுரமாயிற்று. நிலப்பட்டா மட்டும் கோயிலின் பெயருக்கு வரவில்லை. தோட்டங்கள் கைமாறி, குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் நெடுஞ்சாலைகளும் எழுந்தபோது, மூன்று தலைமுறையாகத் தீமிதி நடந்த இடம் ஒரு நாள் காலையில் சட்டவிரோதக் கட்டடம் என்று அறிவிக்கப்பட்டது. 2007 அக்டோபர் 30 ஆம் நாள், தீபாவளிக்குச் சில நாள்களே இருக்கையில், மாநிலத் தலைநகர் ஷா ஆலாமை அடுத்த பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் இடிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 25 இல், இந்து உரிமைகளுக்காகப் போராடிய இண்ட்ராஃப் இயக்கத்தின் அழைப்பை ஏற்று, பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு அளிக்க வேண்டிப் பல்லாயிரவர் கோலாலம்பூரில் திரண்டனர். கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் அவர்களை எதிர்கொண்டன. டிசம்பர் 13 ஆம் நாள் அவ்வியக்கத்தின் முன்னணியினர் ஐவர், பி. உதயகுமார், எம். மனோகரன், ஆர். கெங்காதரன், வி. கணபதிராவ், டி. வசந்தகுமார் ஆகியோர், 1960 ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார்கள். மூன்றே மாதங்களில் தேர்தல் வந்தது. சிலாங்கூர்ச் சட்டமன்றத்தின் 56 இடங்களில் 36 எதிர்க்கட்சிகளின் வசமாயின; 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியைத் தன்வசம் வைத்திருந்த மலேசிய இந்தியக் காங்கிரஸ் (மஇகா) தலைவர் சாமிவேலுவே தோற்றார்.

கர்மம் செய்வதில்தான் மனிதனுக்கு அதிகாரம், அதன் பலனில் இல்லை என்று கீதை போதிக்கிறது. கோத்தா ஆலாம் ஷாவில் நடந்ததோ அந்தப் போதனையைத் தலைகீழாக நிறுத்தியது: வேட்பாளராக அவர் ஆற்றிய கர்மம் எதுவுமில்லை, பலன் மட்டும் தானே வந்து சேர்ந்தது. அப்படியானால் கர்மம் யாருடையது? வாக்களித்தவர்களுடையது. தன்னளவில் ஒன்றுமில்லாத ஒரு கல்லில் பக்தனின் பாவனையே தெய்வத்தை எழுந்தருளச் செய்வதுபோல, அங்கு இல்லாத ஒரு மனிதரில் அத்தொகுதி மக்கள் தங்கள் மானத்தை ஆவாகனம் செய்தார்கள். அந்த மக்களுள் சீனரும் மலாய்க்காரரும் இருந்தார்கள் என்பதை மறக்கலாகாது. தமிழர் வாக்குகளால் மட்டுமே வெல்லத்தக்க தொகுதி இந்நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகவே இடிந்த கோயிலுக்கான துக்கமும், விசாரணையற்ற சிறைக்கான வெறுப்பும், அன்றாட விலைவாசியின் எரிச்சலும் ஒரே பெயரில் கலந்து விழுந்தன. இந்தக் கலப்பே பின்னால் எழப்போகும் தர்மசங்கடத்தின் வித்து.

பதவியையும் கோயிலையும் சிறையையும் ஒன்றாகப் பிணைத்த கதைகள் நம் மரபுக்குப் புதியவை அல்ல. அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சராயிருந்த திருவாதவூரர், குதிரை வாங்கக் கொண்டுசென்ற அரசுப் பொருளைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவிட்டார்; சிறைப்பட்டார், வெயிலில் நிறுத்தப்பட்டார்; நரி பரியாயிற்று, பரி நரியாயிற்று, வைகை பெருகியது, பிட்டுக்கு மண் சுமந்தவன் முதுகில் விழுந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது; இறுதியில் அமைச்சர் மறைந்து மாணிக்கவாசகர் நின்றார். பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா அரசின் வரி வசூல் அதிகாரியாயிருந்த கோபண்ணா, வசூலான பணத்தில் பத்ராசலத்தில் இராமனுக்குக் கோயில் எழுப்பி, அதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்து, பத்ராசல இராமதாசராகப் போற்றப்பட்டார். இவ்விரு சரிதங்களின் வரிசையும் ஒன்றே: முதலில் பதவி, பிறகு கோயில், அதன் பின் சிறை, கடைசியில் அருளும் துறவும். பதவியிலிருந்து விடுபடும் வழியை அவை காட்டுகின்றன. அரசுப் பொருள் ஆண்டவன் காரியத்துக்குப் போனதைப் பற்றிய கணக்கையும் ஆண்டவனே வந்து தீர்த்துவிடுகிறான். தணிக்கை அதிகாரிக்கு அங்கு வேலையில்லை.

கிள்ளானில் அந்த வரிசை திரும்பிவிட்டது. முதலில் கோயில், பிறகு சிறை, அதன் பின் பதவி. 2009 ஏப்ரலில் கணபதிராவும் கெங்காதரனும், மே மாதத்தில் மனோகரனும் மற்ற இருவரும் விடுதலையானார்கள். பதினான்கு மாதங்கள் தொகுதியில் காலடி வைக்காமலே உறுப்பினராயிருந்த மனோகரன், அதன் பின்னரே தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களிடையே வந்து பணி செய்யலானார். 2013 தேர்தலில் அதே தொகுதி, அதே சிறையிலிருந்து வந்த கணபதிராவைத் தேர்ந்தெடுத்தது. அவர் சிலாங்கூர் அரசின் ஆட்சிக்குழு உறுப்பினருமானார். 2018 இல் கோத்தா கெமுனிங் தொகுதியிலிருந்து மீண்டும் சட்டமன்றத்துக்கும், 2022 நவம்பரில் கிள்ளான் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் சென்றார். சிறை முடிந்து அரியணை தொடங்கும் இந்த வாழ்வுக்கு வழிகாட்ட வாதவூரர் சரிதத்தில் ஏடு இல்லை. ஏனெனில் அங்கே அருள் கிடைத்த பிறகு மனிதன் மன்னனின் சபைக்குத் திரும்புவதில்லை.

திரும்பியவர் செய்ய வேண்டியிருந்த வேலைதான் என்ன? மலேசியக் கூட்டரசின் அமைப்புச் சட்டத்தில் நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் அதிகாரத்துக்குள் அடங்கியவை. ஆலயத்துக்குப் பட்டா வழங்குவதும் மறுப்பதும், இடிக்க ஆணையிடுவதும் மாற்று நிலம் ஒதுக்குவதும், கோலாலம்பூர் நாடாளுமன்றத்தைக் காட்டிலும் ஷா ஆலாம் மாநிலச் செயலகத்தையே சார்ந்தவை. நகராட்சித் தேர்தல்கள் 1965 இல் நிறுத்தப்பட்டு 1976 ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தால் முற்றாக ஒழிந்துபோனமையால், அடைபட்ட சாக்கடைக்கும் எரியாத தெருவிளக்கிற்கும் அள்ளப்படாத குப்பைக்கும் மக்கள் தேடிச் செல்வது சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தைத்தான். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வாசிக்கு இந்தப் பாக்கியமும் இல்லை. 1974 பிப்ரவரி 1 முதல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாகிவிட்டதால், கந்தசுவாமி கோயில் வாசலில் நிற்பவருக்கு நாடாளுமன்ற உறுப்பினர் உண்டு, சட்டமன்ற உறுப்பினர் இல்லை. கிள்ளான்வாசிக்கோ, மாண்புமிகு என்னும் பொருளில் ஒய்.பி. என்று உரிமையோடு அழைத்து, மகனின் பள்ளி இடம் முதல் தாயின் ஈமச் செலவு வரை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் உண்டு. முள்வேலிக்குப் பின்னிருந்து வந்தவருக்குக் காத்திருந்தது இந்த நீண்ட வரிசைதான்.

இங்கேதான் தவத்தைப் பற்றிய நம் மரபின் கடுமையான எச்சரிக்கையை நினைக்க வேண்டும். தவம் செய்தவர்கள் எல்லாரும் முனிவர்கள் என்று புராணங்கள் சொல்லவில்லை. சூரபன்மன் செய்த தவம் பொய்த்தவமன்று; தன் உடலை அரிந்து வேள்வித் தீயிலிட்ட மெய்த்தவம். அதனால்தான் ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகங்கள் ஆளும் வரம் அவனுக்குக் கிடைத்தது. இராவணனும் இரணியனும் அவ்வாறே. தவம் அதிகாரத்தைத் தரும். அதிகாரத்துக்கான யோக்கியதையைத் தராது. வரம் பெற்றவன் அதைத் தன் துன்பத்துக்குக் கிடைத்த கூலி என்று எண்ணும் கணத்தில் அசுரனாகிறான். தான் பட்ட பாட்டைக் காட்டிப் பிறர் பாட்டுக்குக் காது கொடுக்க மறுக்கும் கணத்தில் அவன் வீழ்ச்சி ஆரம்பமாகிறது. தியாகிகள் ஆட்சிக்கு வந்த தேசங்களின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரு பாடத்தின் விரிவுரையே. இந்தியாவில் சிறை சென்ற காங்கிரஸ்காரர்களுள் எத்தனையோ பேர் அச்சிறைவாசத்தைப் பிற்காலத்தில் பதவிக்கும் உரிமத்துக்கும் மாற்றிக்கொண்டதை நம் பாட்டனார் தலைமுறை கண்டு வருந்தியது. ராஜாஜியும் காமராஜரும் அவர்களிலிருந்து வேறுபட்டு நின்றார்கள் என்றால், சிறையைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளாமையே அதற்கு ஒரு காரணம்.

பத்துமலையில் ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று நாம் காணும் காட்சியில் இதற்கு விடை இருக்கிறது. காவடி எடுப்பவன் நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து, அலகு குத்தி, படிகள் ஏறி, சந்நிதியில் சுமையை இறக்குகிறான். இறக்கிய பின் அவனுக்கு எந்த விசேஷ உரிமையும் இல்லை. மறுநாள் அவனும் மற்றவரைப்போல் வேலைக்குச் செல்கிறான். நான் காவடி எடுத்தவன், எனக்கு வழி விடுங்கள் என்று அவன் ரயில் நிலையத்தில் கேட்பானேயானால் மக்கள் நகைப்பார்கள். நேர்ந்துகொண்டது நிறைவேறியது, விரதம் தெய்வத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. சமூகத்துக்காக ஏற்ற சிறைவாசமும் அப்படி ஒப்படைக்கப்பட வேண்டிய ஒரு சுமையே. அதை இறக்கி வைக்காமல் தோளிலேயே சுமந்துகொண்டு சட்டமன்றத்துக்குள் நுழைபவன், எதிரில் இருப்பவர் யார் என்று பார்க்க இயலாமல் போவான்.

எதிரில் இருப்பவர் யார் என்று பார்க்க வேண்டிய அவசியம் விரைவிலேயே வந்தது. ஷா ஆலாம் 19 ஆம் பகுதியிலிருந்த மாரியம்மன் ஆலயத்தை 23 ஆம் பகுதிக்கு மாற்ற மாநில அரசு தீர்மானித்தபோது, புதிய இடத்தில் பெரும்பான்மையாக வாழ்ந்த முஸ்லிம்களுள் ஒரு கூட்டத்தார், 2009 ஆகஸ்ட் 28 ஆம் நாள், வெட்டப்பட்ட மாட்டுத் தலை ஒன்றுடன் மாநிலச் செயலகம் வரை ஊர்வலம் சென்றார்கள். செப்டம்பர் 5 ஆம் நாள் அரசு கூட்டிய கலந்தாய்வுக் கூட்டமும் கூச்சலில் முடிந்தது; கடைசியில் ஆலயத்துக்கு வேறு இடம் பார்க்கப்பட்டது. மாட்டுத் தலையைக் கண்டு கொதிக்காத இந்து இல்லை, கொதிப்பு நியாயமே. ஆனால் அரசில் அமர்ந்தவனுக்குக் கொதிப்போடு இன்னொரு கடமையும் இருக்கிறது: அந்தப் பகுதியில் வாழ்பவனைக் கேட்காமல் அவன் தெருவில் ஒரு கோபுரத்தை எழுப்புவது, நம்மைக் கேட்காமல் நம் கோபுரத்தை இடித்ததிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று தனிமையில் தன்னையே கேட்டுக்கொள்ளும் கடமை. இரண்டும் ஒன்றல்ல என்றே நான் கருதுகிறேன். இடிப்பது வேறு, எழுப்புவது வேறு. எனினும் கேள்வியைக் கேளாமலே அந்த முடிவுக்கு வருபவனுக்கும், கேட்டுப் பார்த்து வருபவனுக்கும் இடையிலுள்ள பேதமே கட்சிக்காரனுக்கும் ஆட்சியாளனுக்கும் இடையிலுள்ள பேதம்.

2008 இல் அமைந்த சிலாங்கூர் அரசு, இஸ்லாம் அல்லாத சமயங்களின் விவகாரத்தைக் கவனிக்கத் தெரேசா கோக், ரோனி லியூ, ஸ்ரீ அண்டாலாஸ் உறுப்பினர் டாக்டர் சேவியர் ஜெயகுமார் என்னும் மூன்று ஆட்சிக்குழு உறுப்பினர்களிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தது. சீனக் கோயில்களும் தேவாலயங்களும் மாரியம்மன் ஆலயங்களும் ஒரே மேசையில் வந்தன. அந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்திருக்கலாம். அதன் தத்துவம் உயர்ந்தது. உன் கோயிலின் கோப்பை உன் சமயத்தவன் மட்டுமே தொட வேண்டும் என்பதில்லை. பிறன் ஒருவன் நியாயமாகத் தொடுவான் என்ற நம்பிக்கையில்தான் ஒரு தேசம் நிற்கிறது. அதே நம்பிக்கையைப் பிறருக்கு நாம் தருகிறோமா என்பதுதான் நம் பிரதிநிதிக்கான சோதனை.

அதைவிடக் கொடிய சோதனை 2018 இல் வந்தது. சுபாங் ஜெயா அருகே சீபீல்டு மாரியம்மன் ஆலயம், தோட்டக் காலத்தில் தோன்றி ஒரு நூற்றாண்டைக் கடந்தது. அதன் நிலம் தனியார் நிறுவனமொன்றின் கையிலிருந்தது. ஆலய நிர்வாகத்துக்கு உரிமை கொண்டாடியவர்களுக்குள்ளேயே பிளவிருந்தது. இடமாற்றத்துக்கு 2014 இல் நீதிமன்றத்தில் ஓர் இணக்கத் தீர்ப்பும் பதிவாகியிருந்தது. நவம்பர் 26 அதிகாலையில் ஆயுதம் தாங்கிய ஒரு கும்பல் ஆலயத்துக்குள் புகுந்ததும், வாகனங்கள் எரிந்ததும், அடுத்த இரவுக் கலவரத்தில் படுகாயமுற்ற தீயணைப்பு வீரர் முகமது அடிப் டிசம்பர் 17 ஆம் நாள் உயிர்நீத்ததும் இந்நாடு மறக்கவொண்ணாத துயரங்கள். அப்போது ஆட்சியிலிருந்தவர்கள் யார்? இண்ட்ராஃபை நிறுவிய வேதமூர்த்தி கூட்டரசின் ஒற்றுமைத்துறை அமைச்சர். கமுந்திங்கிலிருந்து வந்த கணபதிராவ் மாநில ஆட்சிக்குழுவில். சேவியர் ஜெயகுமாரும் மத்திய அமைச்சர். 2007 இல் வீதியில் நின்றவர்கள் 2018 இல் நாற்காலியில் இருந்தார்கள். இருந்தும் கோயில் காக்கப்படவில்லை, ஓர் உயிரும் போயிற்று. நம்மவர் ஆட்சியில் இருந்தால் போதும் என்ற நம் சமூகத்தின் பழைய நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டியதில்லை. நிலச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்பும் நிர்வாகக் குழுவின் உட்பூசலும் சேர்ந்து போட்ட முடிச்சை, ஒருவரின் பூர்வ தியாகம் அவிழ்க்காது. பொறுமையும், சட்ட ஞானமும், தன் மக்களிடமே கசப்பான உண்மையைச் சொல்லும் துணிவும்தான் அவிழ்க்கும்.

தன் மக்களிடமே என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஆரூரில் தேர்க்காலில் இறந்த கன்றுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். அந்தக் கதையின் உயிர்நிலை பசுவின் மேலுள்ள கருணை மாத்திரம் அன்று. தீர்ப்பு தன்னவனுக்கு எதிராக அமையும்போதும் நாற்காலியில் அமர்ந்தவன் கைநடுங்கலாகாது என்பதே. பட்டா இல்லாத இடத்தில் புதிதாகக் கோயில் எழுப்ப வேண்டாம் என்று தன் வாக்காளரிடம் சொல்லும் சட்டமன்ற உறுப்பினர், ஒரே தெருவில் மூன்று ஆலயக் குழுக்கள் மானியத்துக்கு மோதும்போது கணக்கேட்டைக் கொண்டுவா என்று கேட்கும் உறுப்பினர், அடுத்த தேர்தலில் வாக்கிழக்கலாம். அந்த இழப்புக்கு ஆயத்தமாயிருப்பதே அவருடைய இரண்டாவது தவம். முதலாவது தவம் பிறரால் அவர்மேல் சுமத்தப்பட்டது, இதுவோ அவரே விரும்பி ஏற்பது. ஆதலால் இதுவே உயர்ந்தது.

நல்லவன் இந்தச் சேற்றில் இறங்கவே வேண்டாம், வாதவூரரைப்போல் விலகிவிடுவதே மேல் என்று சொல்வோர் உண்டு. பக்தி மார்க்கத்தின் உச்சியிலிருந்து பேசும் குரல் அது. அதை அலட்சியம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் வள்ளுவர் அறத்துப்பாலில் துறவைப் பாடி முடித்த கையோடு, பொருட்பாலில் இறைமாட்சி முதல் அமைச்சு, அவையறிதல், அவையஞ்சாமை வரை பாடிச் செல்கிறார். துறவியின் அறத்தைச் சொன்ன அதே வாய் சபையில் பேசும் அறத்தையும் சொல்கிறது. அப்பர் பெருமானும் பல்லவனின் கொடுமைகளை அனுபவித்தவர். நீற்றறையிலும் கல்லோடு கட்டிய கடலிலும் உயிர் பிழைத்தவர். பிழைத்த பின் அவர் கேட்டது என்ன? பட்டம் கேட்கவில்லை, உழவாரப் படையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். துன்பத்துக்குப் பின் தொண்டு என்ற வரிசை நம் மரபிலேயே இருக்கிறது. திருநாவுக்கரசரின் சரிதமே கிள்ளான் அரசியல்வாதிக்குப் பொருத்தமான ஏடு. சாக்கடையும் தெருவிளக்கும் அவருடைய முற்றம். நிலப்பட்டாவும் மானியமும் அவருடைய உழவாரம்.

பிரிக்பீல்ட்ஸில் 1904 இல் தோன்றிய விவேகானந்த ஆசிரமம் இன்றும் நிற்கிறது. மனிதனுக்குச் செய்யும் சேவையே மகேசுவரனுக்குச் செய்யும் பூஜை என்ற அந்தத் துறவியின் கொள்கையை நம் நகரத்துக்குக் கொண்டுவந்த இடங்களுள் அது ஒன்று. அந்தக் கொள்கையைச் சபாமண்டபங்களில் போற்றுவது எளிது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்காளரின் முன் நிற்க வேண்டிய ஒருவர், தம் சமயத்தாருக்கும் பிற சமயத்தாருக்கும் ஒரே துலாக்கோலைப் பிடித்து அதை நடத்திக் காட்டுவது கடினம். கடினமாதலால்தான் அது சாதனை எனப்படும். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012 இல் நீக்கப்பட்டது. கமுந்திங்கின் கொடுமை சரித்திரமாயிற்று. இனிமேல் நம் பிரதிநிதிகளைச் சிறை சென்றதற்காகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்கு அரிதாகவே வரும், நல்லதே. அவர் எவ்வளவு துன்பப்பட்டார் என்று கேட்ட காலம் போய், எதிரே நின்ற அந்நியனுக்கு எவ்வளவு நியாயம் செய்தார் என்று கேட்கும் காலம் வந்திருக்கிறது. அக்கேள்வியைக் கேட்கும் பொறுப்பு வாக்காளராகிய நம்முடையது. அதைக் கேட்கத் துணியாத சமூகம், ஆயிரம் தியாகிகளைப் பெற்றாலும், ஒரு நல்ல ஆட்சியாளனைப் பெறாது.